கட்டையில் ஓட்டை போட்ட ரைஃபிள்: தம்ப்ஹோல் ஸ்டாக் உங்களுக்குச் சரிப்படுமா?

ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள், ரேக்கில் இருக்கும் ஏர் ரைஃபிள்களில் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கிகளில்) முதலில் தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் தம்ப்ஹோல் ஸ்டாக் போட்டதைத்தான். பார்க்க அப்படி இருக்கும். அடுத்த கேள்வியும் தெரிந்ததுதான்: "இதுல சுட்டா குறி நல்லா விழுமாண்ணா?" விழும், விழாமலும் போகும். துப்பாக்கி எந்த வகை, சுடுகிறவர் கை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. கடையிலோ ரேஞ்சிலோ ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், அது என்ன என்று பார்த்துவிடுவோம். குழலையும் விசையையும் தாங்கி, தோளில் போய் முட்டும் கட்டைதான் ஸ்டாக். சாதாரண ஸ்டாக்கில் விசைக்குப் பின்னால் கட்டை கழுத்துபோல மெலியும். அந்தக் கழுத்தைப் பிடித்து, கட்டைவிரலை மேலாகத் தாண்டிப் போடுவோம். தம்ப்ஹோலில் அந்த இடத்தில் பக்கவாட்டாக ஒரு துளை. கட்டைவிரல் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வரும். உள்ளங்கை கிட்டத்தட்ட செங்குத்தான ஒரு பிடியைப் பற்றிக்கொள்ளும். நம் ராணுவத்தில் நெடுங்காலம் இருந்த ரஷ்யத் தயாரிப்பான டிராகுனோவ் ஸ்னைப்பர் துப்பாக்கியின் படத்தைப் பார்த்திருந்தால், பின்கட்டை எலும்புக்கூடு மாதிரி வெட்டப்பட்டிருப்பது நினைவிருக்கும். அதுவும் இந்தக் குடும்பம்தான். அந்தத் துப்பாக்கி சோவியத் படையில் சேர்ந்தது 1963இல்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கீழே சொல்லும் சோதனைகளில் காகிதத்தில் சுடுவதைத் தவிர மற்றதெல்லாம் காலித் துப்பாக்கியில். உள்ளே பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சின்னக் குண்டு) இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். குழல் வாய் குறிப்பலகைப் பக்கமே இருக்கட்டும். ஸ்பிரிங் துப்பாக்கியாக இருந்தால் பெல்லட் இல்லாமல் இழுத்துவிட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே பிஸ்டன் அடி வாங்கும்.

படி 1: எதற்காக வாங்குகிறீர்கள்?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் போவதுதான் எண்ணம் என்றால் இங்கேயே நின்றுவிடலாம். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி அந்தப் போட்டியில் தம்ப்ஹோலுக்கு அனுமதி இல்லை. கடலூரில் பிறந்த துப்பாக்கிச் சுடுதல் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் கையில் இருக்கும் மேட்ச் ரைஃபிளில் பிடி செங்குத்தாக இருக்கும், அவ்வளவுதான். கட்டைவிரலைச் சுற்றி மூடிய துளை கிடையாது. அதே கூட்டமைப்பின் 50 மீட்டர் ரைஃபிளில் தம்ப்ஹோலைத் தடுக்கவில்லை. இது தெரியாமல் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, பதிவு செய்யும் இடத்தில் முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபீல்டு டார்கெட் ஆசை இருந்தால் கதை வேறு. 1980களில் இங்கிலாந்தில் வளர்ந்த அந்த ஏர் ரைஃபிள் விளையாட்டில், தரையில் உட்கார்ந்து முழங்கால்மேல் துப்பாக்கியைத் தாங்கி நிதானமாக ஒவ்வொன்றாகச் சுடுவார்கள். அங்கே தம்ப்ஹோல் சர்வசாதாரணம்.

இந்தியாவில் 4.5 மி.மீ. காலிபரும் (குழல் விட்டம்) 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்கிறது 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். உரிமம் வேண்டாம் என்பதால் தோப்பில் பறவை சுடலாம் என்று நினைத்துவிட வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அமலில்தான் இருக்கிறது.

படி 2: ஸ்பிரிங்கா, பி.சி.பி.யா?

என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பதே இதுதான்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் ஒரு குலுக்கல். இவ்வளவும் பெல்லட் குழலை விட்டு வெளியே போவதற்குள் நடந்துவிடுகிறது. அதனால் இந்த வகைத் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குலுங்கினால்தான் குண்டு ஒரே இடத்தில் விழும். அதைத் தளர்வாகப் பிடித்து, அதன் போக்கில் குலுங்க விடுவதுதான் வழி. தம்ப்ஹோலோ இறுக்கிப் பிடி என்று கையைக் கூப்பிடுகிறது.

என் முதல் தம்ப்ஹோல், குழலை மடித்து லோடு செய்யும் ஒரு பிரேக் பேரல் ஸ்பிரிங் துப்பாக்கி. பழைய சாதாரணக் கட்டைத் துப்பாக்கியில் 10 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் காசுக்குள் அடங்கும். புதியதில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) கழற்றி மாட்டினேன், திருகாணிகளை முறுக்கினேன், பெல்லட்டை மாற்றினேன். கடைசியில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "தம்பி, உன் கட்டைவிரலைப் பாரு" என்றார். அழுத்தியதில் நகம் ரத்த ஓட்டமில்லாமல் வெளுத்திருந்தது. ஒரு குண்டுக்கு ஒரு மாதிரி, அடுத்ததற்கு வேறு மாதிரி அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டைவிரலைத் துளையிலிருந்து எடுத்து வலப்பக்கம் சும்மா சாய்த்து வைத்ததும் பாதிக் கோளாறு போய்விட்டது.

அழுத்தப்பட்ட காற்றில் இயங்கும் பி.சி.பி.யில் இந்தக் குலுக்கல் கிடையாது, அதிர்வும் அற்பம். அங்கே தம்ப்ஹோலின் நல்ல குணங்கள் தெரியும். மணிக்கட்டு வளையாது. விசைவிரல் நேர்பின்னால் இழுக்கும். துப்பாக்கியைத் தோளோடு அணைத்துக்கொள்ள வசதி. கன்னம் வைக்கும் மேல்விளிம்பும் இறங்காமல் நேராகப் போகும் என்பதால் ஸ்கோப் உயரத்துக்குக் கண் தானாக வந்து நிற்கும்.

படி 3: கண்ணை மூடிப் பாருங்கள்

துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தை வசதியாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் சரி. ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தாலோ, கழுத்தை நீட்ட வேண்டியிருந்தாலோ கட்டை உங்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. சாதாரண ஸ்டாக்குக்கும் இதே சோதனைதான். ஆனால் தம்ப்ஹோலில் கை எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கட்டையே முடிவு செய்துவிடுகிறது. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று நகர்த்திச் சமாளிக்க இடமில்லை.

அப்புறம் விரலைப் பாருங்கள். விசையைத் தொட வேண்டியது விரல்நுனியின் சதைப்பகுதி. முதல் மூட்டு மடிப்பு விசையில் பட்டால் பிடி உங்களுக்குச் சின்னது. நுனியே எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் பெரியது. சின்னக் கை உள்ளவர்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 4: பத்து முறை லோடு செய்வது போலச் செய்யுங்கள்

போல்ட் உள்ள துப்பாக்கி என்றால், கட்டைவிரலை வெளியே எடுத்து, போல்ட்டை இழுத்துத் தள்ளி, மறுபடி துளைக்குள் விட்டுப் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு முறை ஒன்றும் தெரியாது. பத்தாவது முறை எரிச்சலாக வந்தால் அந்த எரிச்சல் வீட்டுக்கும் கூட வரும். நிதானமாகச் சுடுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இடது கைக்காரர்கள் இந்தப் படியிலேயே வெளியே வந்துவிடலாம். பெரும்பாலான தம்ப்ஹோல்கள் வலது உள்ளங்கைக்கென்றே புடைப்பு வைத்துச் செதுக்கியவை. இரு கைக்கும் பொருந்தும் மாடல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மேலே பாருங்கள்.

படி 5: மரத்தைப் பாருங்கள்

துளை போட்ட இடத்தில் மரம் குறைவு. துளையைச் சுற்றி ரேகைகள் எப்படி ஓடுகின்றன என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிடியின் நீளவாக்கில் ஓடினால் நல்லது. குறுக்காக வெட்டிப் போனால், ஒருமுறை கீழே விழுந்தாலே அங்கே விரிசல் விடும். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த லேமினேட் கட்டை இந்த வகையில் தேவலை. எடை மட்டும் கூடும். சிந்தெட்டிக்கில் இந்தக் கவலையே இல்லை. அழகு கொஞ்சம் கம்மி, அது அவரவர் ரசனை.

படி 6: காகிதத்தில் சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஆறு டார்கெட் காகிதம் எடுங்கள். 10 மீட்டரில், துப்பாக்கியைத் தாங்கி வைத்து, முதல் காகிதத்தில் கட்டைவிரல் துளைக்குள் இருக்க ஐந்து குண்டு. அடுத்ததில் கட்டைவிரல் வெளியே பக்கவாட்டில் இருக்க ஐந்து. இப்படி மாறி மாறி ஆறு காகிதம். பதினைந்தும் உள்ளே, அப்புறம் பதினைந்தும் வெளியே என்று சுடக்கூடாது. பின்பாதியில் கை சோர்ந்துவிடும், கணக்கு தப்பும்.

ஒவ்வொரு காகிதத்திலும் மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு அளந்து, 4.5 மி.மீ.யைக் கழித்து எழுதி வையுங்கள். துளைக்குள் வைத்துச் சுட்ட மூன்றும் சிறியதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வெளியே வைத்ததுதான் சிறியது என்றால் அந்த ஓட்டைக்காகக் கூடுதல் விலை கொடுப்பானேன்? கலந்து வந்தால் இன்னொரு நாள் இன்னொரு ஆறு காகிதம்.

நான் அந்த ஸ்பிரிங் துப்பாக்கியை இன்னும் விற்கவில்லை. கட்டைவிரலை வெளியே வைத்துத்தான் சுடுகிறேன். சென்னை வியர்வையில் துளைக்குள் அழுக்கு மட்டும் சேர்கிறது. மாதம் ஒருமுறை பழைய பனியன் துணியை உள்ளே விட்டு உருவித் துடைக்கிறேன்.