கேவல்ரி என்று வந்தாலே குதிரைப்படையா?

மொழிபெயர்ப்புகளைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. போர்க்கட்டுரை கைக்கு வந்தால் 'குதிரைப்படை' எங்கெல்லாம் வருகிறது என்றுதான் முதலில் தேடுவேன். ஒருமுறை இப்படி ஒரு வரி: '1971இல் பசந்தர் ஆற்றோரம் பூனா குதிரைப்படை பாகிஸ்தான் டாங்கிகளை எதிர்கொண்டது.' வாளை உருவிக்கொண்டு டாங்கிமேல் பாய்ந்தார்கள் என்றல்லவா படிப்பவர் நினைப்பார்! பூனா ஹார்ஸ் அன்று செஞ்சுரியன் டாங்கிகளில் போரிட்ட படைப்பிரிவு. அதன் இளம் அதிகாரி அருண் கேத்ரபாலுக்கு நாட்டின் உயரிய போர் விருதான பரம்வீர் சக்ரா கிடைத்ததும் அந்தச் சண்டைக்குத்தான்.

ஆகவே முதலில் ஆண்டைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டி நம் படைப்பிரிவுகள் குதிரையை விட்டு டாங்கிக்கும் கவச வண்டிக்கும் மாறிவிட்டன. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிந்தைய காலத்தில் படைப்பிரிவுப் பெயர்களில் வரும் ஹார்ஸ், லான்சர்ஸ், கேவல்ரி எல்லாவற்றையும் மொழிபெயர்க்காமல் பெயராகவே விடுங்கள். முதல்முறை வரும்போது மட்டும் 'டாங்கிப் படைப்பிரிவு' என்று சேர்த்தால் போதும். விதிவிலக்கு 1953இல் உருவான 61வது கேவல்ரி. குடியரசு நாள் அணிவகுப்பில் அவர்கள் குதிரைமேல்தான் வருவார்கள். வெளிநாட்டுப் பெயர்களும் இப்படி ஏமாற்றும்: வியட்நாம் போரில் அமெரிக்காவின் 1வது கேவல்ரி டிவிஷன் போய் இறங்கியது ஹெலிகாப்டரில்.

பதவிப் பெயரிலும் கவனம் வேண்டும். இந்தப் படைப்பிரிவுகளில் சிப்பாய்க்குச் சமமான பதவி சவார்; டாங்கிக்குள் உட்கார்ந்திருக்கும் அவரை 'குதிரைவீரர்' ஆக்கிவிடாதீர்கள். தபேதார் இன்னும் வம்பு. நம்மூரில் அந்தப் பெயரைக் கேட்டால் கலெக்டருக்கு முன்னால் டவாலி போட்டு நடப்பவர்தான் நினைவுக்கு வருவார். ராணுவத்தில் அது காலாட்படை ஹவில்தாருக்குச் சமமான பதவி. ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள்.

பழைய காலத்துக்குப் போனால் கேள்வி வேறு: சண்டையின்போது குதிரைமேல் இருந்தார்களா, இறங்கினார்களா? 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் டிராகூன்கள் குதிரையில் வந்து, இறங்கித் துப்பாக்கியால் சுட்டவர்கள். அவர்களை 'குதிரையேறிய காலாட்கள்' என்பேன். நூறாண்டு கழித்து அதே பெயர்க்காரர்கள் முழுக் குதிரைப்படையாகிவிட்டார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து கூட்டிவந்த 19வது லைட் டிராகூன்ஸ் அந்த ரகம். அங்கே 'இலகு குதிரைப்படை' என்று தாராளமாக எழுதலாம். ஆனால் கோட்டைக் கதவைத் தகர்த்தது அவர்களோடு வந்த சிறு பீரங்கிகள். 'குதிரைப்படை கதவை உடைத்தது' என்று எழுதியிருந்தால் அந்த வரியை நான் அடித்துவிடுவேன்.