கிளை சர்வர்களைத் தஞ்சாவூரில் ஒன்றாக்கும்போது டேட்டாபேஸ் அட்மின் கவனிக்க வேண்டியவை

மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் என்று கிளைக்கொரு சர்வர் வைத்திருந்த அரிசி ஆலையோ உரக்கடையோ எல்லாவற்றையும் தஞ்சாவூரில் ஒரே இயந்திரத்துக்கு மாற்றினால், அட்மினின் வேலை குறைந்துவிடாது. இயந்திரங்களைப் பராமரித்தவர் இனி ஒரே நினைவகத்தையும் டிஸ்க்கையும் பல கிளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். இங்கே சொல்வது மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் 2019 எக்ஸ்பிரஸ் (இலவசப் பதிப்பு) விட்டு 2022 ஸ்டாண்டர்டுக்கு (கட்டணப் பதிப்பு) மாறுவோருக்கு.

முதலில் சுமையை அளக்க வேண்டும். ஒரு வாரக் கணக்கை நம்பாதீர்கள். டெல்டாவில் சுமை சாகுபடியோடு நகர்கிறது. மேட்டூர் திறந்ததும் குறுவைக்கு விதை, உரம் விற்பனை ஏறும். தை, மாசியில் சம்பா அறுவடை வரும்போது ஆலையில் எடைச்சீட்டு குவியும். இதற்காக ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. பில் அட்டவணையில் நாள், மணி வாரியாக வரிசைகளை எண்ணுங்கள். பழைய உச்சங்கள் தெரிந்துவிடும். இப்போதைய வாரத்தில் ஒரு பில்லுக்கு ஆகும் சிபியு, டிஸ்க் செலவை அந்த எண்ணிக்கையால் பெருக்கினால் மதிப்பீடு கையில். உச்சம் வெவ்வேறு பருவத்தில் வருவதால் உரக்கடையும் ஆலையும் ஒரே இயந்திரத்தில் நன்றாகப் பொருந்தும். இரண்டு ஆலைகளைச் சேர்த்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் உச்சம் வரும்.

நினைவகத்துக்கு வரம்பு வையுங்கள். எக்ஸ்பிரஸில் பஃபர் (டிஸ்க்கிலிருந்து படித்த தரவை வைத்திருக்கும் நினைவகம்) 1410 எம்பியோடு நின்றுவிடும். ஸ்டாண்டர்டில் 'மேக்ஸ் சர்வர் மெமரி' என்ற நினைவக உச்சவரம்பை நீங்கள் குறிக்காவிட்டால் கிடைப்பதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். 32 ஜிபி இயந்திரத்தில் விண்டோஸுக்கு 6 ஜிபி விடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் சிபியு, நினைவகப் பங்கை வரையறுக்கும் ரிசோர்ஸ் கவர்னர் 2022 ஸ்டாண்டர்டில் கிடையாது. ஆகவே ஆலையின் அறிக்கை உரக்கடையின் பில்லிங்கை நிறுத்தக்கூடாது என்றால் இரண்டு இன்ஸ்டன்ஸ் (ஒரே இயந்திரத்தில் தனித்தனியாக ஓடும் எஸ்க்யூஎல் சர்வர்) போட்டு, 14, 10 ஜிபி என்று பிரிப்பதே நேரான வழி. மீதி 2 ஜிபி இன்ஸ்டன்ஸ்கள் வரம்புக்கு மேல் எடுப்பதற்கு வேண்டும்.

அடுத்தது அதிகம் கோட்டைவிடும் இடம். எக்ஸ்பிரஸில் உருவான டேட்டாபேஸ் 'ஆட்டோ குளோஸ்' (கடைசிப் பயனர் வெளியேறியதும் டேட்டாபேஸை மூடுவது) ஆன், ரெக்கவரி 'சிம்பிள்' (லாக் பேக்கப் எடுக்க முடியாத முறை) என்ற அமைப்போடு வரும். ரீஸ்டோர் செய்தாலும் அப்படியே இருக்கும். ஆட்டோ குளோஸை அணைத்து, ரெக்கவரியை 'ஃபுல்' ஆக்கி, உடனே ஒரு முழு பேக்கப் எடுங்கள். அந்த முழு பேக்கப் இல்லாமல் லாக் பேக்கப் (மாற்றங்களின் பதிவை மட்டும் நகலெடுப்பது) ஓடாது. பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் போதும்.

சர்வருக்குள் நுழையும் லாகின்கள் டேட்டாபேஸோடு வருவதில்லை; டேட்டாபேஸுக்குள் இருக்கும் யூசர் மட்டுமே வரும். பழைய எஸ்ஐடியோடு (லாகினின் அடையாள எண்) லாகினைப் புதிய சர்வரில் உருவாக்காவிட்டால் யூசர் இருந்தும் உள்ளே நுழைய முடியாது. எல்லாக் கிளையிலும் ஒரே மென்பொருள் என்றால் டேட்டாபேஸ் பெயரும் ஒன்றாகவே இருக்கும்; ஒரே இன்ஸ்டன்ஸில் அப்படி இரண்டு வைக்க முடியாது. பெயரை மாற்றினால், பழைய பெயரை உள்ளே எழுதிவைத்த ஸ்டோர்டு புரொசீஜர்கள் (டேட்டாபேஸிலேயே சேமித்த நிரல்கள்) உடையும். முன்கூட்டியே தேடிப் பட்டியலிடுங்கள். கொலேஷனையும் (எழுத்துகளை ஒப்பிடும், வரிசைப்படுத்தும் விதி) ஒப்பிடுங்கள். தற்காலிக அட்டவணைகள் உருவாகும் டெம்ப்டிபி புதிய சர்வரின் கொலேஷனில் இருக்கும். அது டேட்டாபேஸின் கொலேஷனிலிருந்து வேறுபட்டால், தற்காலிக அட்டவணையை எழுத்துப் புலத்தால் இணைக்கும் வினவல்கள் (க்வெரி) 468 பிழையில் விழும்.

கிளைக்குள் 1 மில்லிவினாடியில் போய்வந்த வினவல் தஞ்சாவூருக்கு 20 மில்லிவினாடி எடுக்கலாம். வரிசை வரிசையாக 1,000 முறை சர்வரைக் கேட்கும் திரை அப்போது 20 வினாடி தொங்கும். இதற்கு சர்வரைப் பெரிதாக்கிப் பயனில்லை. ஒரே வினவலில் எல்லாம் எடுக்கும்படி மென்பொருளைத் திருத்தச் சொல்ல வேண்டும். அந்தக் கோரிக்கையை எண்ணோடு வைப்பதும் இப்போது அட்மினின் பொறுப்புதான்.

ஒரு விண்டோஸ் பேட்ச்சுக்கு ரீஸ்டார்ட் செய்தால் எல்லாக் கிளையும் நிற்கும். ஆலையின் இரவு ஷிஃப்ட்டையும் கடையின் காலைத் திறப்பையும் பார்த்து, நேரத்தை இரு தரப்பிடமும் எழுத்தில் வாங்குங்கள். 2018 கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை; பேக்கப்பின் ஒரு நகல் கோவையிலோ சேலத்திலோ இருக்கட்டும்.

மாற்றத்துக்கு ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே வரை ஏற்ற காலம்: ஆண்டுக் கணக்கு முடிந்திருக்கும், குறுவை தொடங்கியிருக்காது. கிளை கிளையாக, சிறியதை முதலில் மாற்றுங்கள். 2022-இல் எடுத்த பேக்கப்பை 2019-இல் ரீஸ்டோர் செய்ய முடியாது. எனவே பழைய டேட்டாபேஸை ரீட் ஒன்லியாக வைத்து, புதிய சர்வரில் ஒரு மாத இறுதிக் கணக்கு சரியாக முடிந்த பிறகே அதை அணையுங்கள்.