சர்நேம் பெட்டியைக் காலியாக விடாதீர்கள்

எங்கள் தெருமுனையில் புதிதாக பிரௌசிங் சென்டர் திறந்திருக்கும் தம்பி, போன வாரம் ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு வந்தார். “அண்ணே, இவருக்கு சர்நேம் இல்லையாம். அப்படியே விட்டுட்டேன், சரிதானே?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கடை வைத்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்த காலத்தில் நானும் அப்படியே விட்டவன்தான்.

அசல் ஆவணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவது, அப்பாயின்ட்மென்டைத் தவறவிடுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குள் போகவில்லை. விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவர்கள் தவறவிடுவதை மட்டும் சொல்கிறேன்.

பெயர்

நம் ஊரில் ஆளுக்கு ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. அவ்வளவுதான். பாஸ்போர்ட் விண்ணப்பமோ கிவன் நேம் (சொந்தப் பெயர்), சர்நேம் (குடும்பப் பெயர்) என்று இரண்டு பெட்டிகளை நீட்டுகிறது. இனிஷியல் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். மு. குமார் என்றால் கிவன் நேமில் குமார், சர்நேமில் முருகேசன். சர்நேமைக் காலியாக விட்டாலும் தளம் தடுக்காது, பாஸ்போர்ட்டும் அச்சாகி வீட்டுக்கு வந்துவிடும். வினை அங்கேதான். தப்பு என்று யாரும் சொல்வதில்லை, வருஷங்கள் கழித்து விமான நிலையத்தில்தான் தெரியவருகிறது.

2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அந்த வாரம் துபாய்க்குக் கிளம்பியவர்களில் ஒருவர், நான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர். கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகாமல், கட்டிய பெட்டியோடு நேராகக் கடைக்கு வந்து பாஸ்போர்ட்டை என் கீபோர்டின் மேல் வைத்தார். “இது நீங்க போட்டதுதானே அண்ணே?” சர்நேம் என்ற வரிக்கு நேரே வெறுமை. திட்டியிருந்தால் தேவலை.

கொடுமை என்னவென்றால், அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டில் வேறு பக்கத்தில் இருந்தாலே போதும் என்று சில நாட்களிலேயே தளர்த்திவிட்டார்கள். இவர் போனது சரியாக அந்த இடைவெளியில். அதற்குள் டிக்கெட் பணம் போயிருந்தது. அவருக்கு மறுபடி அப்படியே கிளம்பத் தைரியம் வரவில்லை, பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்றார். பாஸ்போர்ட்டில் அடித்துத் திருத்துவது என்பது கிடையாது, பழையதற்குப் பதில் வேறு பாஸ்போர்ட் வாங்கும் ரீ-இஷ்யூதான். கட்டணம் 1,500, தக்கலுக்கு மேலே 2,000. அந்த 3,500-ஐ நான் கட்டினேன். பழைய பாஸ்போர்ட் எண்ணில் எடுத்த விசா வீணானதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சிலர் சாமர்த்தியமாக இரண்டு பெயரையும் கிவன் நேமிலேயே போட்டு சர்நேமை விட்டுவிடுகிறார்கள். அதற்கு அமெரிக்க விசாவில் பலன் தெரியும். முழுப் பெயரும் சர்நேமாகிவிடும், கிவன் நேம் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று மூன்றெழுத்து உட்கார்ந்திருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர்!

பாஸ்போர்ட் சேவையில் எவ்வளவோ மாறிவிட்டது, மறுக்கவில்லை. 1989 ஜனவரி 26-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ் தந்தே ஆக வேண்டும் என்றிருந்ததை 2016 டிசம்பரில் எடுத்தார்கள். திருமணச் சான்றிதழ் கேட்பதையும் விட்டார்கள். 2017-லிருந்து தபால் நிலையத்திலேயே சேவை மையம் வந்தது. இப்போது சிப் வைத்த இ-பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. இனிஷியல்காரர்களுக்குத் தோதாக அந்த இரண்டு பெட்டிகளைப் பற்றித் தெளிவாக இரண்டு வரி தமிழில் எழுதிவைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று. கல்யாணமான பெண் என்றதும் கேட்காமலே சர்நேமில் கணவர் பெயரைத் தட்டாதீர்கள். அப்பா பெயரே தொடரலாம். அவரிடம் கேளுங்கள்.

எழுத்து

முருகேசன் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆதாரில் ‘ஜி’, மதிப்பெண் பட்டியலில் ‘கே’. எந்த எழுத்து என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவுசெய்து, ஆதாரை முதலில் திருத்துங்கள்.

முகவரி

ஆள் சென்னையில், விண்ணப்பத்தில் ஊர் முகவரி. போலீஸ் ஊருக்கு வந்து கதவைத் தட்டும். பூட்டிய வீடு என்று அறிக்கை போகும். எங்கே குடியிருக்கிறாரோ அதைத்தான் போட வேண்டும்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்

தேர்ச்சி பெற்றவர் இதைக் காட்டாவிட்டால், குடிபெயர்வு அனுமதி தேவை என்ற ‘இசிஆர்’ குறிப்பு விழும். வளைகுடா வேலைக்குப் போகும்போது தனியாக அனுமதி வாங்கி அலைய வேண்டியிருக்கும்.

பிறந்த குழந்தை

2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். மற்றது செல்லாது.

தொலைந்த பாஸ்போர்ட்

“அது போயே போச்சு, புதுசாவே போட்டுடுங்க” என்பார்கள். போடாதீர்கள். இதுவும் ரீ-இஷ்யூதான்.

தக்கல்

போலீஸ் விசாரணை கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு வருவார்கள்.