நகரச் சாசனத்தைத் திருத்தும்போது எங்கே சறுக்குகிறது?

அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு சாசனம் உண்டு. மேயருக்கு என்ன அதிகாரம், நகர மன்றத்தில் எத்தனை பேர், பட்ஜெட் யார் கையில் என்பதையெல்லாம் அதுதான் சொல்கிறது. முக்கியமான திருத்தம் என்றால் பொதுவாக மக்கள் வாக்களித்துத்தான் நிறைவேற வேண்டும். அதனால் தப்பாக எழுதிவிட்டால் லேசில் மாற்ற முடியாது.

முதல் தவறு, திருத்த வேலையைப் பதவியில் இருப்பவர்களிடமே விடுவது. தன் நாற்காலியைத் தானே யார் அறுப்பார்கள்? ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரத்தில் 1913 முதல் ஒரு விநோத ஏற்பாடு இருந்தது. மேயரும் நான்கு ஆணையர்களும் சட்டமும் போடுவார்கள், ஆளுக்குச் சில துறைகளையும் நடத்துவார்கள். எல்லோரும் நகரம் முழுவதற்குமாகத் தேர்வானதால் கிழக்குப் பகுதிக்காரர்களுக்கு மன்றத்தில் இடம் கிடைப்பது அபூர்வம். 2007 உட்படப் பலமுறை இதை மாற்றக் கேட்டும் வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது 20 பேர் கொண்ட குழு கூடிச் சாசனத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. அதில் 15 பேர் ஒப்புக்கொண்டால் பரிந்துரை மன்றத்தின் தயவு இல்லாமல் நேராக வாக்குச்சீட்டுக்குப் போகும். 2022-இல் 17 பேர் ஒப்புக்கொண்டார்கள், மக்களும் ஏற்றார்கள்.

நியூயார்க்கில் இந்தத் தடுப்பு பலவீனம். மேயரே ஒரு குழுவை அமைக்கலாம். அந்தக் குழு ஒரு கேள்வியை வாக்குச்சீட்டில் வைத்தால், மற்றவர்கள் கொண்டுவந்த சில கேள்விகள் அந்தத் தேர்தலில் இடம்பெற முடியாது. 1998-இல் ரூடி ஜூலியானி மேயராக இருந்தபோது யாங்கீஸ் பேஸ்பால் அணியின் மைதானம் பற்றிய கேள்வி இப்படித்தான் வெளியே தள்ளப்பட்டது. சட்டப்படி சரி, எனக்கு அது திருட்டு ஆட்டமாகத்தான் படுகிறது.

அடுத்தது, மக்கள் போட்ட முடிச்சை மன்றம் அவிழ்க்கும்படி ஓட்டை விடுவது. 1993-இல் நியூயார்க் வாக்காளர்கள் ஒருவருக்கு இரண்டு பதவிக்காலம் போதும் என்றார்கள். 1996-இல் அதையே மறுபடி உறுதிசெய்தார்கள். 2008-இல் மன்றம் 29-க்கு 22 என்ற கணக்கில் அதை மூன்றாக்கியது. மைக்கேல் ப்ளூம்பெர்க் மூன்றாம் முறையும் மேயரானார். 2010-இல் மக்கள் திரும்பவும் இரண்டுக்குக் கொண்டுவந்து, பதவியில் இருப்பவர்கள் தங்களுக்காக இந்த வரம்பை மாற்றிக்கொள்ள முடியாதபடி பூட்டும் போட்டார்கள். அந்தப் பூட்டை முதலிலேயே போட்டிருக்கலாம்.

அநியாயம் கண்ணுக்குத் தெரிந்தும் தள்ளிப்போடுவது இன்னொன்று. அதே நியூயார்க்கில் பட்ஜெட், நிலப் பயன்பாடு போன்றவற்றை முடிவுசெய்த வாரியத்தில் நகரத்தின் ஐந்து பெரும் பகுதிகளின் தலைவர்களுக்கும் தலா ஒரு வாக்கு. சுமார் 22 லட்சம் பேர் வாழ்ந்த புரூக்ளினுக்கும் ஒன்று, சுமார் மூன்றரை லட்சம் பேரின் ஸ்டேட்டன் தீவுக்கும் ஒன்று. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. அப்புறம்தான் அவசர அவசரமாக எழுதி, நவம்பரில் வாக்கெடுப்பு. வாரியம் ஒழிந்தது, மன்றம் 35 பேரிலிருந்து 51 ஆனது. நல்ல மாற்றம்தான், ஆனால் நீதிமன்றம் கழுத்தைப் பிடித்த பிறகு வந்தது.

சில்லறை விஷயங்களைச் சாசனத்துக்குள் திணிப்பதும் வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸின் 1925 சாசனம் நூற்றுக்கணக்கான திருத்தங்களால் ஊதிப்போய், 1999-இல் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. அதிலும் போட்டியாக இரண்டு குழுக்கள் உட்கார்ந்து, கடைசியில் சமரசம் பேசவேண்டி வந்தது.

பல மாற்றங்களை ஒரே கேள்வியாகக் கட்டுவது தவறு என்பார்கள். 2022-இல் போர்ட்லாந்தின் ஒரே கேள்வியில் தொகுதிகள், விருப்ப வரிசை வாக்கு (வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவது), துறைகளை நடத்த ஒரு நகர நிர்வாகி என மூன்றும் இருந்தன, வழக்கும் வந்தது. ஒன்றை எடுத்தால் மற்றது நிற்காது என்பதால் இந்த ஒரு தடவை நான் குழுவின் பக்கம்.

ஆனால் ஒரு கணக்கை அவர்கள் கவனித்திருக்கலாம். நான்கு தொகுதி, தொகுதிக்கு மூவர், ஆக 12 பேர், இரட்டைப்படை. 2025 ஜனவரியில் புதிய மன்றம் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோது 6-6 என்று திரும்பத் திரும்ப முட்டி நின்றது. பல சுற்றுக்குப் பிறகுதான் இலானா பிர்ட்டில்-கைனி தலைவரானார்.