போலீஸ் வருவதற்குள் வீட்டைப் பெருக்கிவிடாதீர்கள்

நங்கநல்லூரில் என் அத்தை வீட்டில் திருட்டு நடந்தது. திருப்பதி போய்விட்டு விடியற்காலையில் திரும்பியவர்கள் கண்டது நெம்பித் திறந்த கதவு, விரியத் திறந்து கிடந்த பீரோ, கட்டில் மேல் கொட்டிக் கிடந்த புடவைகள். தகவல் தெரிந்து நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் புடவைகளை மடித்து அடுக்கிவிட்டார்கள். "நகைப் பெட்டி இருக்கா பாரு" என்று அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் பீரோவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாகிவிட்டது. சாப்பாட்டு மேஜை மேல் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்ததாம். வீட்டில் யாரும் அதை அங்கே வைக்கவில்லை. "எவன் வாய் வச்சதோ" என்று அத்தை சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

கைரேகைப் பிரிவிலிருந்து வந்தவர் பிரஷ்ஷும் பொடியுமாக அரை நாள் உட்கார்ந்து தேடினார். தெளிவாகக் கிடைத்த ரேகைகள் எல்லாம் எங்களுடையவை. அந்த பாட்டிலின் பக்கவாட்டில் ரேகையும் வாய்ப்பகுதியில் எச்சிலும் இருந்திருக்கும். எச்சில் இருந்தால் டி.என்.ஏ. எடுக்கலாம். திருடன் விட்டுப்போன பொருள்களிலேயே அதிகம் சொல்லக்கூடியதை நாங்களே கழுவி ஊற்றிவிட்டோம்.

தடயவியல் பற்றிச் சினிமாவில் நிறையப் பார்த்திருக்கிறோம். ஆனால் தடயம் பெரும்பாலும் கெட்டுப்போவது ஆய்வகத்தில் இல்லை, நம் வீட்டு நடு ஹாலில். பதற்றமும் சுத்தம் பார்க்கும் பழக்கமும் உதவ வேண்டும் என்ற நல்ல மனசும் சேர்ந்து கெடுக்கின்றன. எனக்கு இது ஆற்றாமையாகவே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எட்மண்ட் லோகார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1910-ல் லியோன் நகரத்தில் ஒரு சிறு குற்றவியல் ஆய்வகம் தொடங்கினார். ஒருவர் ஓர் இடத்துக்கு வந்து போனால் எதையாவது விட்டுச் செல்வார், எதையாவது எடுத்தும் செல்வார் என்பது அவர் கண்ட அடிப்படை. முடி, நூலிழை, மண், வியர்வை, எதுவாகவும் இருக்கலாம். இந்த விதி திருடனுக்கு மட்டுமல்ல, ஆறுதல் சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்தும். அவர் செருப்பு மண்ணும் தரையில் ஒட்டும், அவர் விரல் வியர்வையும் கைப்பிடியில் படியும். ஆகவே திருட்டு நடந்தது தெரிந்ததும் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். வாசலில் ஒருவர் நின்று யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளட்டும். வாசற்படியில் நின்றபடி செல்போனில் நாலு படம் எடுத்து வைப்பது நல்லது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றாலும் அடுத்த வீட்டுக்குப் போங்கள். உள்ளே வந்தவன் கை கழுவியதும் ரத்தத்தைக் கழுவியதும் அங்கேயாக இருக்கலாம்.

பிளாஸ்டிக் கவர் என்னும் எதிரி

அக்கறையுள்ளவர்களே செய்யும் தவறு இது. ரத்தம் பட்ட சட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று தோன்றியதும் ஒரு கேரி பேக்கில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுகிறோம். சென்னையின் புழுக்கத்தில் இதைவிடக் கெடுதல் வேறில்லை. உள்ளே ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும், பாக்டீரியா பெருகும், டி.என்.ஏ. சிதைந்துபோகும். ஈரத்துணியை வெயில் படாமல் நிழலில் காயவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைக்க வேண்டும். பழுப்புக் காகிதம் போதும், சுத்தமான செய்தித்தாளாக இருந்தாலும் பரவாயில்லை. உலர்ந்த கறையிலிருந்து பல ஆண்டுகள் கழித்தும் டி.என்.ஏ. எடுக்க முடிகிறது.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் விஷயத்தில் இதை மிகுந்த கவனத்தோடு சொல்ல வேண்டும். உடனே குளித்துவிட வேண்டும், அந்த உடையை எரித்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அதற்காக அவரை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. முடிந்தால் குளிப்பதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போவது நல்லது, அவ்வளவுதான். குளித்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும் "இனி என்ன இருக்கப் போகிறது" என்று விட்டுவிடாதீர்கள். துவைக்காத உடை ஒன்றே பெரிய சாட்சி. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாருங்கள்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

சாவு வீட்டில்

உயிர் இருக்கிறதோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, தடயம் அதற்குப் பிறகுதான். தூக்கில் தொங்குபவரை இறக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சை அவிழ்க்காமல், முடிச்சிலிருந்து தள்ளிக் கயிற்றை அறுக்க வேண்டும். முடிச்சு எப்படிப்பட்டது, கழுத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் பிறகு பேசும். விஷம் என்ற சந்தேகம் இருந்தால் டம்ளரைக் கழுவாதீர்கள், வாந்தியைத் துடைக்காதீர்கள், பாட்டிலைக் குப்பையில் வீசாதீர்கள். எந்த விஷம் என்று தெரிந்தால் மருத்துவருக்கும் அது உதவும்.

சந்தேகம் இருந்தும் "வெட்டி அறுக்க வேண்டாம்" என்று அவசரமாக மின்மயானத்துக்குக் கொண்டுபோவதுதான் திருத்தவே முடியாத தவறு. புதைத்த உடலைத் தோண்டியெடுத்தாவது ஆய்வு செய்யலாம், எரித்துவிட்டால் ஒன்றுமில்லை. பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் உள்ளுறுப்புகளை அடர்த்தியான உப்புக் கரைசலில் போட்டு, சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இறந்த நேரத்தைக் கணிப்பதிலும் நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. உடல் குளிரும் வேகத்தை வைத்து நேரம் சொல்வது குளிர்நாட்டு வழக்கம். மே மாதத்து வியாசர்பாடியில் மூடிய அறைக்குள் 37 டிகிரி இருந்தால் உடல் குளிரவே குளிராது. விறைப்பும் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். அதனால் கடைசியாக எப்போது பேசினார், என்ன சாப்பிட்டார், ஃபேன் ஓடியதா என்று வீட்டார் சொல்வது முக்கியம். ஃபேனை நிறுத்தியிருந்தால் நிறுத்தியதைச் சொல்லுங்கள்.

சின்ன விஷயங்கள் எவ்வளவு பேசும் என்பதற்கு இந்த ஊரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1952-ல் ஆளவந்தார் கொலை வழக்கில் தலையில்லாத உடல் ஒன்று டிரங்குப் பெட்டியில் ரயிலேறி மானாமதுரையில் பிடிபட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. காதில் இருந்த துளைகளும் பல்வரிசையும் இறந்தவர் யார் என்று அடையாளம் காண உதவின. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1849-ல், மதராஸில் ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் வந்துவிட்டது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றது மனித வெடிகுண்டுத் தாக்குதல் என்பதை, சிதறிக் கிடந்த துணுக்குகளைச் சேர்த்து நிறுவியவர் தமிழ்நாடு தடயவியல் துறையின் அன்றைய இயக்குநர் சந்திரசேகரன். அங்கே இறந்துபோன புகைப்படக்காரரின் கேமரா சேதமில்லாமல் கிடைத்ததால்தான் வழக்கு அவ்வளவு வேகமாக நகர்ந்தது.

டி.என்.ஏ. பொருந்தினால் குற்றவாளியா?

இல்லை. டி.என்.ஏ. யாருடையது என்று சொல்லும். எப்போது வந்தது, எப்படி வந்தது என்று சொல்லாது. ஜெர்மனியில் பல ஆண்டுகளாகப் பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்துக்கொண்டிருந்தது. 2009-ல்தான் உண்மை தெரிந்தது. மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் கையாண்ட பெண்ணின் டி.என்.ஏ. அது. கைரேகையும் தப்பாத ஒன்றல்ல. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் அமெரிக்க எஃப்.பி.ஐ. ரேகையைத் தவறாகப் பொருத்தி, சம்பந்தமே இல்லாத ஒரு வக்கீலைப் பிடித்து வைத்தது. எனவே "டி.என்.ஏ. மேட்ச் ஆயிடுச்சு" என்ற செய்தியைப் பார்த்ததும் வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதாதீர்கள். உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனை ஆகியவற்றை ஒருவரின் சம்மதம் இல்லாமல் செய்யவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருக்கிறது.

சம்பவ இடத்தில் பார்த்ததைப் போலீஸ் எழுதிவைக்கும் பார்வை மகஜரில் உங்களைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால் படித்துவிட்டுப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள். எடுத்த பொருள்கள் எத்தனை, உங்கள் கண் முன் சீல் வைத்தார்களா என்று பாருங்கள். ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் பிடிப்பார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று இருக்கிறது.

கடைசியாக கேமரா. சிசிடிவி திரையைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அனுப்பும்போதே தரம் சுருங்கி, முகம் மங்கிவிடும். மூலப்பதிவு வேண்டும், அதோடு மின்னணுப் பதிவுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழும் வேண்டும். கேமரா காட்சியைப் பதிவு செய்யும் பெட்டியின் கடிகாரம் பத்து நிமிடம் முன்னே பின்னே ஓடினால் உங்கள் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு அந்த வித்தியாசத்தை எழுதி வையுங்கள். இதையெல்லாம்விட அவசரமானது ஒன்று உண்டு. இடம் நிறைந்ததும் அந்தப் பெட்டி பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும். அத்தை வீட்டுக்கு எதிர் வீட்டில் தெருவைப் பார்த்து ஒரு கேமரா இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியபோது இருபது நாள் ஆகியிருந்தது. அதில் பதினைந்து நாள் பதிவுதான் நிற்கும்.