சீன மாணவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு: காதையும் கண்ணையும் தனித்தனியே சோதிப்பது எப்படி?

சீனாவில் கல்லூரி முடித்த ஒருவர் உங்களிடம் ஆங்கிலம் கற்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால் மடமடவென்று படித்துப் பொருள் சொல்லிவிடுவார். அதே பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டினால் பாதிகூடப் பிடிபடாமல் தவிப்பார். இந்த நிலைக்குச் சீனத்திலேயே ஒரு பெயர் உண்டு: 'யாபா யிங்யூ', அதாவது ஊமை ஆங்கிலம். பேச வாய் வராததைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. அதற்கு முன்னால் காதும் அடைபட்டிருக்கிறது என்பதை நான் வகுப்பில்தான் பார்த்தேன்.

வேலைக்குப் போகும் சீனர்களுக்கு இணைய வழியில் பாடம் எடுக்கிறேன். தொடக்கத்தில் எங்கோ கிடைத்த ஒரு மாதிரித் தேர்வைக் கொடுத்து, நூற்றுக்கு 60 என்று போட்டு அனுப்பிவிடுவேன். அந்த 60-ஐ வைத்துக்கொண்டு அடுத்த வகுப்பில் எதை நடத்துவது என்று எனக்கே புரியவில்லை. காது கேட்கவில்லையா, சொல் தெரியவில்லையா என்று அந்த எண் சொல்லவே இல்லை. அதைச் சொல்லும் ஒரு சின்னத் தேர்வை நீங்களே தயாரிக்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும்.

படி 1: அவர் எழுதிப் பழகிய தேர்வைத் தெரிந்துகொள்ளுங்கள்

சீனாவில் 2001-க்குப் பிறகு ஆங்கிலம் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில் தொடங்குகிறது. அங்கிருந்து பிள்ளைகள் ஓடுவதெல்லாம் 'காவ்காவ்' என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை நோக்கித்தான். அதில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். தேசிய வினாத்தாளில் கேட்டல் பகுதிக்கு 20 கேள்விகள், 30 மதிப்பெண். முதல் ஐந்து உரையாடல்கள் ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். மற்றவை இரண்டு முறை.

கல்லூரியில் அடுத்தது சிஇடி-4. கல்லூரி மாணவர்களுக்கான தேசிய ஆங்கிலத் தேர்வு, 1987-இல் தொடங்கியது. ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். மொத்தம் 710. அதில் கேட்டலுக்கு 35 விழுக்காடு, வாசிப்புக்கு 35 விழுக்காடு. கேட்டல் பகுதியில் எல்லாம் ஒரே முறைதான் ஒலிக்கும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: வினாத்தாளில் விடைகள் மட்டுமே அச்சாகியிருக்கும், கேள்வி காதில்தான் விழும். அதனால் ஒலிப்பதிவு தொடங்கும் முன்பே நான்கு விடைகளையும் படித்து, கேள்வி என்னவாக இருக்கும் என்று ஊகிப்பதில் இந்த மாணவர்கள் கைதேர்ந்தவர்கள். அது தவறில்லை, திறமைதான். ஆனால் உங்கள் தேர்வு அந்த ஊகத்தையே அளந்துவிட்டுப் போய்விடக் கூடாது.

இன்னொரு தகவல் எனக்குப் பல விஷயங்களைத் தெளிவாக்கியது. 2007-இல் வந்த கல்லூரி ஆங்கிலப் பாட வரையறை, சாதாரண மாணவர் நிமிடத்துக்கு 70 சொல் வேகத்தில் வாசித்தால் போதும் என்றது. அதே மாணவர் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் வேகத்தில் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. கண்ணுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதிதான் காதுக்கு. நமக்குத் தெரிந்த சொல்தானே, ஏன் பிடிபடவில்லை என்று மாணவர் தன்னையே நொந்துகொள்ளும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

படி 2: கேட்பதற்கான உரையாடலை எழுதுங்கள்

புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து வாசிக்க வேண்டாம். எழுத்து நடை வேறு, பேச்சு வேறு. இருவர் பேசும் 150 சொல் உரையாடல் ஒன்றை நீங்களே எழுதுங்கள். சொற்கள் எல்லாம் மாணவருக்குத் தெரிந்தவையாகவே இருக்கட்டும். கடினம் ஒலியில் இருக்க வேண்டும், அகராதியில் இல்லை.

நான் எழுதிய ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்துப் பெண் குடோனுக்குப் போன் செய்து சரக்கு எப்போது வரும் என்று கேட்கிறார். வியாழன் என்று இருந்தது செவ்வாய்க்கு மாறியிருக்கிறது. பெட்டிகள் 14. சரக்கின் விலை மூன்றரை லட்சம் யுவான். திங்களன்று குடோன் திறந்திருக்காது. அவ்வளவுதான் கதை. ஆனால் ஒவ்வொரு தகவலுக்குள்ளும் சீனக் காது தடுக்கும் இடம் ஒன்று வைத்திருக்கிறேன்.

ஃபோர்ட்டீனையும் ஃபார்ட்டியையும் பிரிப்பது பெரும்பாலும் அழுத்தம்தான். ஒன்றில் அழுத்தம் பின்னால், மற்றதில் முன்னால். அந்த அழுத்தத்தைக் கவனிக்க மாணவரின் காது பழகியிருக்காது.

மாண்டரின் சீனத்தில் ஓர் அசை உயிரொலியிலோ, ன், ங் போன்ற மூக்கொலியிலோதான் முடியும். வடக்கே ர் ஒலியும் சேரும். அதனால் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் ட், ட்ஸ், ல்ட் எல்லாம் நழுவிப்போகும். 'கோல்ட்' என்பதும் 'கோட்' என்பதும் ஒன்றாகவே கேட்கும். இறந்தகாலத்தைக் காட்டும் ஒலியும் பன்மையைக் காட்டும் ஒலியும் பெரும்பாலும் சொல்லின் கடைசியில்தான் இருக்கின்றன. சீன வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதில்லை என்பதால் அங்கே ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று என்ற சந்தேகமே மாணவருக்கு வராது. ஒரு எச்சரிக்கை: 'வீ ஹெல்ப்ட் தெம்' என்று வேகமாகச் சொன்னால் நடுவிலிருக்கும் 'ட்' ஆங்கிலேயருக்கே சரியாகக் கேட்காது. அப்படிப்பட்ட இடத்தில் கேள்வி வைப்பது நியாயமில்லை. 'வீ வெயிட்டட்' போல ஓர் அசையே கூடும் இடத்தில் வையுங்கள்.

அப்புறம் எண்கள். நமக்கு லட்சமும் கோடியும் போல அவர்களுக்குப் பத்தாயிரம்தான் அலகு. அதற்கு 'வான்' என்று பெயர். 'த்ரீ ஹன்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தௌசண்ட்' என்று ஆங்கிலேயர் சொன்னால் சீனர் அதை 35 வான் என்று மனதுக்குள் மாற்றியாக வேண்டும். நாம் மூன்றரை லட்சம் என்று மாற்றுகிறோமே, அதே வேலைதான். அதைச் செய்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வாக்கியம் ஓடிவிடும்! அதனால் பெரிய எண் வந்த உடனேயே இன்னொரு முக்கியத் தகவலை வைக்காதீர்கள். வைத்தால் எதைச் சோதிக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

எதிர்மறைக் கேள்வியும் ஒன்று சேருங்கள். 'த வேர்ஹவுஸ் இஸன்ட் ஓபன் ஆன் மண்டே?' என்று கேட்டால் ஆங்கிலேயர் 'நோ' என்பார். திறந்திருக்காது என்று பொருள். நாம் என்ன சொல்வோம்? "திறந்திருக்காதா?" "ஆமாம், திறந்திருக்காது." சீனரும் அப்படியேதான் சொல்வார். ஆக அந்த 'நோ' அவர் காதில் நேர் எதிராக விழும். இந்தக் கேள்வியை உருப்படியாகச் சோதிக்க வேண்டுமானால் 'நோ' என்பதோடு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். பின்னால் விளக்கம் கொடுத்தால் 'நோ' புரியாதவரும் விடையைப் பிடித்துவிடுவார்.

மாணவரின் ஊரையும் விசாரித்துக்கொள்ளுங்கள். செங்டூ, வூஹான், சாங்ஷா பக்கத்துப் பேச்சு வழக்குகளில் ன், ல் ஒலிகள் குழம்பும். 'ஸ்னோ' என்பதும் 'ஸ்லோ' என்பதும் அவர்களில் பலருக்கு ஒன்று. பெய்ஜிங்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

படி 3: ஒலிப்பதிவு

போனில் இருக்கும் ரெக்கார்டரே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசுங்கள். 150 சொல்லை ஒரு நிமிடம் பத்து நொடிக்குள் முடித்தால் வேகம் சரி. முடிந்தால் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே குரலில் இருவர் பேசினால் யார் எதைச் சொன்னார் என்ற குழப்பம் தேவையில்லாமல் வரும்.

மாணவர் சீனாவில் இருந்தால் கூகுள் ஃபார்மும் யூடியூப் இணைப்பும் அங்கே திறக்காது. அங்குள்ளவர்கள் பயன்படுத்தும் வீசாட் செயலிதான் வழி. ஆனால் வீசாட் குரல் செய்தி 60 நொடியில் நின்றுவிடும், தவிர அதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். எனவே நான் வீடியோ அழைப்பில் இருந்தபடியே என் பக்கத்திலிருந்து ஒலிக்கவிடுகிறேன். அழைப்பு தொடங்கியதும் ஒரு சோதனை வாக்கியத்தை ஒலிக்கவிட்டு, தெளிவாகக் கேட்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

படி 4: கேட்டலுக்குப் பன்னிரண்டு கேள்விகள்

ஆறு கேள்விகள் மூன்று விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. மற்ற ஆறும் கோடிட்ட இடத்தில் ஒரு சொல்லோ எண்ணோ எழுதும் வகை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் வகையாக வைத்தால், ஒன்றுமே கேட்காதவரும் அதிர்ஷ்டத்தில் நான்கு சரியாகப் போடலாம். பாதியாகக் குறைத்தால் அது இரண்டாகிவிடும். கேட்டு எழுதுவது அவர்களுக்குப் புதிதல்ல. 'திங்ஸியே' என்று பள்ளியில் செய்து பழகியதுதான்.

எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். இங்கே அளப்பது காதை.

விடைகளின் நீளம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். தயாரித்த பிறகு, உரையாடலைக் கேட்காத ஒரு நண்பரிடம் கேள்வித்தாளை மட்டும் கொடுத்துப் பாருங்கள். தேர்ந்தெடுக்கும் ஆறில் மூன்று நான்கு சரியாகப் போட்டுவிட்டால், எந்தக் கேள்வியை எப்படி ஊகித்தார் என்று கேட்டு அதை மாற்றுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

படி 5: வாசிப்புக்கு ஒரு பக்கம்

சுமார் 300 சொல், எட்டுக் கேள்விகள், பத்து நிமிடம். பொருள் மாணவர் வாழ்க்கையோடு ஒட்டியதாக இருக்கட்டும். ஆனால் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியாக இருக்கக் கூடாது. பெருஞ்சுவரைப் பற்றிய பத்தியைக் கொடுத்தால் படிக்காமலேயே பதில் சொல்வார்.

சொல் அறிவை விட வாக்கிய அமைப்பைச் சோதியுங்கள். தமிழ் பேசும் ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சீனர் 'வோ ட்ஸுவோதியென் மாய் த ஷூ' என்பார். வோ நான், ட்ஸுவோதியென் நேற்று, மாய் வாங்கு, த என்பது நம் பெயரெச்ச விகுதியின் வேலையைச் செய்வது, ஷூ புத்தகம். வரிசை அப்படியே நம்முடையது! விளக்கம் முன்னால், பெயர்ச்சொல் கடைசியில். ஆங்கிலம் இதைத் தலைகீழாக்கிப் புத்தகத்தை முதலில் வைத்துவிட்டு விளக்கத்தை வால்போல இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வால் நீளும்போது முக்கிய வினை எது என்பதில்தான் மாணவர் தடுமாறுவார், நாமும் ஒரு காலத்தில் தடுமாறினோம். ஆகவே அப்படிப்பட்ட இரண்டு வாக்கியங்களைப் பத்தியில் வைத்து, 'யார் செய்தது?' என்று கேளுங்கள்.

மற்ற கேள்விகளில், பத்தியிலிருந்து இரண்டு வாக்கியங்களை உருவிவிட்டு, நான்கு வாக்கியங்கள் கொடுத்து எது எங்கே பொருந்தும் என்று கேட்கலாம். காவ்காவில் ஏழிலிருந்து ஐந்தைப் பொருத்தும் பகுதி ஒன்று உண்டு. அதன் சின்ன வடிவம்தான் இது. கருத்தோட்டம் புரிகிறதா என்று காட்டிவிடும்.

படி 6: தேர்வு நாளில் இரண்டு பேனா

இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

மாணவர் ஒரு நீலப் பேனாவும் ஒரு சிவப்புப் பேனாவும் வைத்துக்கொள்ளட்டும். கேள்விகளைப் படிக்க ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு, உரையாடலை ஒருமுறை ஒலிக்கவிடுங்கள், நீலத்தில் எழுதட்டும். விடைகளைச் சொல்லாதீர்கள். அடுத்து உரையாடலின் எழுத்து வடிவத்தை அனுப்புங்கள். அதைப் படித்து, எந்த விடையை மாற்ற வேண்டுமோ அதைச் சிவப்பில் மாற்றட்டும். நீலத்தை அழிக்கவே கூடாது. சற்று இடைவெளி விட்டு, வாசிப்புப் பகுதியைத் தொடங்குங்கள்.

படி 7: திருத்துதல்

நீலத்தில் தவறாகி, சிவப்பில் சரியானால் அது காதின் குறை. சிவப்பிலும் தவறென்றால் சொல்லோ இலக்கணமோ தெரியவில்லை. காதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒரே வாரத்தில் இந்தத் தேர்வை எழுதிய இருவரைச் சொல்கிறேன். இருவருக்கும் நீலத்தில் பன்னிரண்டுக்கு 5. செங்டூவிலிருந்து எழுதிய பெண்ணுக்குச் சிவப்பில் 11 ஆனது. எழுத்து வடிவத்தில் 'ஃபோர்ட்டீன்' என்பதைப் பார்த்ததும், தான் எழுதியிருந்த 40-ஐ விரலால் தொட்டுக் காட்டிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பத்து வருடமாகத் தெரிந்த சொல் அது. மற்றவருக்குச் சிவப்பிலும் 6-தான். பழைய முறையில் இருவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டு, ஒரே பாடத்தை நடத்தியிருப்பேன். இப்போது அந்தப் பெண்ணுக்குப் புதிய சொல் எதுவும் கொடுக்கவில்லை. தெரிந்த சொற்களையே தினமும் பத்து நிமிடம் கேட்டு எழுதச் சொன்னேன். மற்றவரோடு வாக்கிய அமைப்பில் உட்கார்ந்தேன். அவருடைய வாசிப்புத் தாளும் அதையேதான் சொன்னது.

எதிர்மறைக் கேள்வி மட்டும் விதிவிலக்கு. 'நோ' காதில் தெளிவாக விழுந்தும், எழுத்தில் பார்த்தும், பலர் அதைத் தவறாகவே விட்டுவைப்பார்கள். அதைத் தனியாகக் குறித்துக்கொண்டு ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். தமிழில் நாம் எப்படிச் சொல்வோம் என்று சொல்லிக் காட்டினால் மாணவர்கள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்கிறார்கள்.

படி 8: மறு தேர்வு

ஆறு வாரம் கழித்து வேறு உரையாடல், வேறு பத்தி. ஆனால் அதே அமைப்பு, அதே வேகம், அதே எண்ணிக்கை. மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கும் முன், நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். செங்டூப் பெண்ணுக்கு முதல் தேர்வில் அது 6. இரண்டாவதில் 3. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அவருக்கே அனுப்பினேன்.