ஆட்டுத்தடம் ஊருக்குப் போகாது

விண்டர் மலையின் உயரம் 473 மீட்டர். வட இங்கிலாந்தில் செட்பர் என்ற சிற்றூருக்கு மேலே, புல் போர்த்தி உருண்டு நிற்கும் ஹௌகில் குன்றுகளில் அது ஒன்று. ஊரிலிருந்து 350 மீட்டர் போல ஏறினால் உச்சி. கயிறு வேண்டாம், பாறையில் தொற்ற வேண்டாம். அதனாலேயே புதிதாக வருகிறவர்கள் அதை ஒரு மலையாக மதிப்பதில்லை. போன அக்டோபரில் நான் கூட்டிப்போன இரண்டு பேரும், பத்து வருடம் முன்பு நான் செய்ததையெல்லாம் வரிசை மாறாமல் செய்தார்கள். தண்ணீர், மழைக்கோட்டு பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

நேரக் கணக்கு

"இரண்டரை கிலோமீட்டர்தானே, அரை மணி போதும்" என்றார் ஒருவர். 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. அப்படிப் பார்த்தால் விண்டருக்கு ஒரு மணிக்குக் கொஞ்சம் மேலே. நின்று நின்று படம் எடுக்கிறவர்களுக்கு அதுவும் போதாது.

ஆட்டுத்தடத்தை நம்புவது

எனக்கு அது முதல் வருடம். விண்டரைத் தாண்டி 605 மீட்டர் ஆரண்ட் ஹா வரை போய்த் திரும்பும்போது மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காலடியில் மட்டும் தெளிவாக ஒரு தடம், புழுக்கையோடு. நான் ஆடு வளர்க்கிற ஊர்க்காரன். பொழுது சாய்ந்தால் ஆடு பட்டிக்குத் திரும்பும், தடத்தைப் பிடித்தால் ஊர் வந்துவிடும் என்று வரைபடத்தைப் பைக்குள் வைத்தேன். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

இங்கே ஆடு பட்டிக்குத் திரும்புவதில்லை. ரஃப் ஃபெல் என்ற செம்மறி இனம் வருடத்தின் பெரும்பகுதி மலையிலேயே கிடக்கும். வேலி இல்லாமலே தன் பங்குச் சரிவை விட்டு நகராது. எல்லை எது என்று தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்ளும். இதை 'ஹெஃப்ட்' என்பார்கள். 2001இல் கோமாரி நோய்க்காக, செட்பர் இருக்கும் கும்ப்ரியா வட்டாரத்தில் மந்தை மந்தையாகக் கொன்றபோது இந்த அறிவும் சேர்ந்து செத்தது. ஆக, அந்தச் சரிவுதான் ஆட்டுக்கு வீடு. புல், தண்ணீர், காற்று மறைவு, இவற்றுக்கு இடையே தடம் குன்றின் இடுப்பைச் சுற்றிக் கிடையாக ஓடும். நடக்கச் சுகமாக இருக்கும். அதுதான் வினை.

கால் மணியில் தடம் இரண்டாகி, நாலாகி, கோரையில் காணாமல் போனது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று ஈரப்புல்லில் நின்றேன். வேறு குன்றுகளில் ஒரு கல்சுவரைப் பிடித்தாவது இறங்கலாம். ஹௌகிலின் மேற்பகுதியில் சுவர் அரிது. தெற்கே செட்பருக்கு வர வேண்டியவன் மேற்கே லூன் ஆற்றுப் பக்கம் இறங்கி, தார்ச்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து, கடைசிப் பேருந்தையும் விட்டு, டாக்சிக்கு 45 பவுண்டு அழுதேன்.

அக்டோபரில் வந்த இருவரில் ஒரு தம்பியும் அதே மாதிரி ஒரு தடத்தைக் காட்டி, "அண்ணா, இதுதான் ஷார்ட்கட்" என்றார்.

உச்சியில் உட்காரும் முன்பே, கண் தெரியும்போதே, இறங்கும் திசையைத் திசைகாட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஐந்து நிமிஷமாகத் தடம் கிடையாகவே போகிறதா, ஷூ அச்சு ஒன்றும் இல்லையா, அது உங்களுக்கான பாதை இல்லை. வந்த வழியே திரும்புங்கள்.

கேட்

திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள்.

நாய்

மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மேய்ச்சல் நிலத்தில் 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில். ஆடு பக்கத்தில் இருந்தால் எந்த மாதமும். துரத்தினால் சினை ஆட்டுக்குக் குட்டி கலைந்துவிடும்.

மல்லாந்த ஆடு

நாலு காலும் வானத்தைப் பார்க்கக் கிடக்கும் ஆடு விளையாடவில்லை. அதால் எழ முடியாது. வயிற்றில் வாயு ஏறிச் செத்துப்போகும். தம்பி போனை எடுத்தார். "உள்ளே வை, அந்தப் பக்கம் பிடி" என்றேன். நனைந்த கம்பளியோடு நல்ல கனம். புரட்டியதும் விடக்கூடாது, கால் ஊன்றும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டார். அது நிதானமாக அவர் புது ஷூவில் மூத்திரம் பெய்துவிட்டு மேயப் போனது.